எந்தக் குமார்?

நம் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. சிலப்பதிகாரத்தைப் பற்றியும் இமயப் பயணத்தைப் பற்றியும் அழகாக எழுதத் தெரிந்த அன்பர்கள் எத்தனையோ பேர் இருக்க, நாள் முழுவதும் கம்பைலரோடு மல்லுக்கட்டும் என்னிடம் எதற்கு வந்தார்? "உனக்குத் தெரிந்ததை எழுது, நாலு பேருக்குப் பயன்பட்டால் போதும்" என்றார் அவர். எனக்குத் தெரிந்தது இதுதான்: மூல நிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டும்போது, கம்பைலர் தனக்கு வேண்டிய ஹெட்டர் கோப்புகளை எந்த வரிசையில் தேடுகிறது என்பது. இலக்கியம் பயிலும் நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஓர் ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போன கதையும் இதற்குள் இருக்கிறது.

அறிவியல் பயிலும் நம்மவருள் பெரும்பாலோர் கிளஸ்டர் என்று சொல்லப்படும் பொதுக் கணினிக் கூட்டத்தில்தான் வேலை செய்கிறோம். அங்கே நிர்வாகியின் அதிகாரம் நமக்குக் கிடையாது. வேண்டிய மென்பொருளை நம் சொந்த டைரக்டரிக்குள்ளேயே மூல நிரலிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். நமக்கு முன்பு இருந்தவர்களும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். படிப்பு முடிந்ததும் போய்விட்டார்கள். கட்டியவை மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆகவே ஒரே லைப்ரரியின் மூன்று பதிப்புகள் ஒரே இயந்திரத்தில் மூன்று மூலைகளில் குடியிருப்பது சர்வ சாதாரணம்.

சி மொழியில் எழுதிய பெரிய நிரல் எதுவும் ஒரே கோப்பாக இருப்பதில்லை. பல கோப்புகளாகப் பிரித்து எழுதி, தனித்தனியே கம்பைல் செய்து, பிறகு இணைப்பார்கள். ஒரு கோப்பிலுள்ளதை மற்றொரு கோப்பு அறிந்துகொள்வதற்காக ஏற்பட்ட அறிமுகக் கடிதமே ஹெட்டர். "இன்ன பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது இத்தனை எண்களை வாங்கிக்கொண்டு இன்ன வகை விடையைத் தரும்" என்று அது சொல்லும். "இந்த ஸ்ட்ரக்சரில் இத்தனை உறுப்புகள்; ஒவ்வொன்றும் இன்ன வகை" என்றும் சொல்லும். சில நேரங்களில் மாறிலிகளின் மதிப்பும் அதில் எழுதியிருக்கும். நிரலின் தலைப்பகுதியில் 'இன்க்லூட்' என்று எழுதி ஹெட்டரின் பெயரைக் குறிப்பிட்டால், கம்பைலர் அக்கோப்பைத் தேடி எடுத்து, அதிலுள்ள எழுத்துகளை அப்படியே அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளும். இதில் வேறு மாயம் ஒன்றுமில்லை. 1972-73 வாக்கில் இவ்வசதி சி மொழிக்குள் வந்ததாக அம்மொழியின் தந்தை டென்னிஸ் ரிட்சியே எழுதியிருக்கிறார். ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும், பி.சி.பி.எல்., பி.எல்.-1 ஆகிய மொழிகளில் இத்தகைய வசதி முன்பே பயன்பட்டு வந்ததும் அதற்குக் காரணங்களாம். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் சி மொழியில் அதே ஒட்டுவேலைதான் நடந்து வருகிறது.

ஒட்டுவது எளிது. எதை எடுத்து ஒட்டுவது என்பதில்தான் சங்கடம்.

நம் விடுதியில் மூன்று குமார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரை விட்டு வந்ததும், தலைப்பெழுத்து என்பது நம் தலையெழுத்தாகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கோ அப்படி ஒரு பெயர் கிடையாது. தந்தையாரின் பெயரை எழுதினால் அவர் பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடுகிறார்கள். எழுதாவிட்டால் வெறும் குமார். இந்நிலையில் 'குமார்' என்று மட்டும் எழுதிய பார்சல் ஒன்று முறுக்கும் அதிரசமுமாக ஊரிலிருந்து வந்து சேருகிறது. வாயிற்காவலர் என்ன செய்வார்? மாடிப்படி ஏறியதும் முதலில் தென்படும் குமாரின் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மற்ற அறைகளிலும் குமார்கள் உண்டா, எந்தக் குமாரின் தாயார் அதிரசம் சுட்டார் என்றெல்லாம் விசாரிக்கமாட்டார். அது அவர் வேலையும் அன்று.

கம்பைலரும் அவ்வாயிற்காவலரைப் போன்றதே. அதன் கையில் டைரக்டரிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. முதல் டைரக்டரியில் அப்பெயருடைய கோப்பு இருந்தால் எடுத்துக்கொள்ளும். தேடல் அத்துடன் முடிந்தது. பதிப்பு எண்ணைப் பார்ப்பதில்லை, தேதியைப் பார்ப்பதில்லை, பின்னால் இதைவிடப் பொருத்தமான கோப்பு இருக்குமோ என்று ஐயுறுவதும் இல்லை. ஆதலின், பட்டியலின் வரிசையை எழுதியவர் எவரோ, அவரே நம் நிரலின் ஒரு பகுதியை எழுதியவர் ஆகிறார்.

அவ்வரிசைதான் என்ன? சி மொழியின் தரநூல் இதை வகுத்துச் சொல்லாமல் கம்பைலரை எழுதுவோரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. நாம் லினக்ஸில் பெரிதும் பயன்படுத்தும் ஜி.சி.சி. கம்பைலரின் வழக்கத்தைச் சொல்கிறேன். ஹெட்டரின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதலாம். கோண அடைப்புக்குள்ளும் எழுதலாம். மேற்கோளுக்குள் எழுதினால், அந்த 'இன்க்லூட்' வரி எந்தக் கோப்பில் இருக்கிறதோ அந்தக் கோப்பின் டைரக்டரியையே கம்பைலர் முதலில் பார்க்கும். அடுத்து '-ஐகோட்' என்னும் ஆப்ஷனில் தந்த டைரக்டரிகள். அதன்பின் '-ஐ'. (இது நம் இரண்டாம் வேற்றுமை உருபு அன்று, ஆங்கிலப் பெரிய எழுத்து.) '-ஐ' பல இருந்தால், கட்டளையில் இடமிருந்து வலமாக எந்த முறையில் எழுதினோமோ அந்த முறையில் பார்க்கும். பிறகு '-ஐசிஸ்டம்' ஆப்ஷனில் தந்தவை. பிறகு இயந்திரத்துக்கே உரிய நிலையான டைரக்டரிகள். அவற்றுள்ளும், கம்பைலரின் சொந்த ஹெட்டர்கள், '/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்லூட்', '/யூஎஸ்ஆர்/இன்க்லூட்' என்று ஒரு முறை இருக்கிறது. கடைசியில் '-ஐடர்ஆஃப்டர்' தந்தவை. கோண அடைப்புக்குள் எழுதினாலோ முதல் இரண்டு படிகளைத் தாண்டி '-ஐ'யிலிருந்தே தேடல் தொடங்கும்.

மைக்ரோசாஃப்டின் கம்பைலர் மேற்கோள் விஷயத்தில் இன்னும் ஒரு படி போகிறது. இந்த ஹெட்டரை அழைத்த கோப்பின் டைரக்டரி, அதை அழைத்த கோப்பின் டைரக்டரி என்று பின்னோக்கி எல்லாவற்றையும் பார்க்கும். ஆகையால் விண்டோஸில் நன்றாகக் கட்டப்பட்ட நிரல் இங்கே 'கோப்பைக் காணோம்' என்று நிற்பதுண்டு.

இவ்வளவோடு விட்டால் எளிதாக இருக்கும். 'சிபாத்' என்று ஒரு சூழல் மாறி உண்டு. அதில் எழுதிய டைரக்டரிகளை, கட்டளையிலுள்ள எல்லா '-ஐ'களுக்கும் பின்னால், ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கம்பைலர் சேர்த்துக்கொள்ளும். அதைக் கட்டளையில் எங்கும் பார்க்க முடியாது. கிளஸ்டரில் நாம் 'மாட்யூல் லோட்' என்று அடிக்கிறோமே, பல இடங்களில் அது செய்யும் காரியங்களுள் இதுவும் ஒன்று. அது டைரக்டரியைப் பட்டியலின் முன்னால் சொருகினால், கடைசியாக ஏற்றிய மாட்யூல் முதலில் நிற்கும். நேற்றுக் கட்டிய அதே நிரலை இன்று மாட்யூல்களை முன்பின்னாக ஏற்றிக் கட்டினால் வேறு நிரல் கிடைக்கக்கூடும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இன்னொரு வேடிக்கை. '/யூஎஸ்ஆர்/இன்க்லூட்' முதலில் வரட்டும் என்று கருதி, சிலர் அதை '-ஐ'யுடன் சேர்த்துக் கட்டளையின் தொடக்கத்தில் எழுதுவார்கள். ஜி.சி.சி. அதைப் பேசாமல் ஒதுக்கிவிடும். நிலையான டைரக்டரி ஒன்றை '-ஐ' கொண்டு முன்னே தள்ள முடியாது. அது தன் பழைய இடத்திலேயே தேடப்படும். இயந்திரத்தின் ஹெட்டர்கள் தமக்குள் ஒரு வரிசையை நம்பி எழுதப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். அவ்வரிசையைக் குலைத்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் 2016-இல் கண்டார்கள். அவ்வாண்டு வெளிவந்த ஜி.சி.சி. 6-ஆம் பதிப்பில், சி++ மொழியின் ஹெட்டர் ஒன்று "பட்டியலில் எனக்கு அடுத்து வரும் இதே பெயருடைய கோப்பை எடு" என்னும் முறையில் சி மொழியின் ஹெட்டரை அழைத்தது. '-ஐசிஸ்டம்' கொண்டு '/யூஎஸ்ஆர்/இன்க்லூட்' டைரக்டரியை முன்னே நகர்த்தியிருந்தவர்களுக்கு, 'அடுத்து' என்று ஒன்றும் மிஞ்சவில்லை. சி மொழியில் மிகச் சாதாரணமான 'எஸ்டிடிலிப்' ஹெட்டரையே காணோம் என்று கம்பைலர் சொல்லிற்று. கோப்பு என்னவோ எல்லாரும் அறிந்த இடத்தில்தான் இருந்தது!

கோப்பைக் காணோம் என்று கம்பைலர் கூச்சலிட்டால் நல்லது. கூச்சலிடாமல் இருப்பதே ஆபத்து. அதற்குத்தான் அந்த ஆய்வேட்டுக் கதை.

எங்கள் ஆய்வுக் குழுவில் திரவங்களின் மூலக்கூறு இயக்கத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்று பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. இத்தகைய கணக்கில், ஒவ்வோர் அணுவுக்கும் மற்ற எல்லா அணுக்களுக்கும் இடையிலுள்ள விசையைக் கணக்கிட்டு மாளாது. ஆதலின் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ளவற்றை விட்டுவிடுவது வழக்கம். அந்த வெட்டுத்தூரம் எங்கள் நிரலில் ஒரு ஹெட்டர் கோப்பில் மாறிலியாக எழுதப்பட்டிருக்கிறது. என் முதுநிலைத் திட்டப்பணிக்காக அதை 10 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 12 ஆக உயர்த்திப் பார்க்கும்படி பேராசிரியர் சொன்னார். உயர்த்தினேன், மீண்டும் கட்டினேன், ஓட்டினேன். வந்த எண்கள் பழைய எண்களோடு கடைசி இலக்கம் வரையில் ஒத்திருந்தன.

சற்றே ஒத்திருந்தால் இயற்பியல் என்று விட்டுவிடலாம். கடைசி இலக்கம்வரை ஒத்திருப்பது இயற்பியல் ஆகாது. தூரம் கூடினால் கணக்கிட வேண்டிய ஜோடிகளும் கூடும். ஓடும் நேரமாவது கூடியிருக்க வேண்டும். அதுவும் கூடவில்லை. பழைய கட்டுமானம் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். அப்போதும் அதே எண்கள். பிறகு, பெரிய 'எச்' என்னும் ஆப்ஷனைச் சேர்த்துக் கம்பைல் செய்தேன். அது, கம்பைலர் உள்ளே எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஹெட்டரின் முழு முகவரியையும் வரிசையாக எழுதிக்காட்டும். எத்தனையாவது படியில் எடுத்தது என்பதைப் பெயருக்கு முன்னாலுள்ள புள்ளிகளால் குறிக்கும். ஒற்றைப் புள்ளியிட்ட வரிகளில் ஒன்று, நான் திருத்திய கோப்பைக் காட்டவில்லை. குழுவின் பொது டைரக்டரியில் இருந்த அதே பெயருடைய வேறொரு கோப்பைக் காட்டியது. திறந்து பார்த்தால், நிரலின் முந்தைய பதிப்புக்குரிய ஹெட்டர். அதில் 10 என்று இருந்தது.

நடந்தது இதுதான். முன்னொரு காலத்தில் யாரோ அந்நிரலின் பழைய பதிப்பைப் பொது டைரக்டரியில் நிறுவியிருக்கிறார். ஹெட்டர்களும் உடன் போயிருக்கின்றன. நாங்கள் பரம்பரையாகப் பெற்ற மேக்ஃபைலில் பொது டைரக்டரியின் '-ஐ' முதலிலும், நிரலின் சொந்த டைரக்டரியின் '-ஐ' பின்னாலும் இருந்தன. பழைய ஹெட்டரில் வேண்டிய பெயர்கள் எல்லாம் இருந்தமையால் கம்பைலருக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. ஒரே ஒரு பெயர் குறைந்திருந்தாலும் அன்றைக்கே அலறியிருக்கும்!

என்னுடைய எண்களுக்கு ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு நாள் வேலை. ஆனால் அதே மேக்ஃபைலைக் கொண்டு எங்கள் தீதியும் தம் கணக்குகளை ஓட்டியிருந்தார். வங்கத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி அவர். குழுவில் உள்ள சிறியவர்கள் அனைவருக்கும் 'தீதி'தான். அவருடைய ஆய்வேட்டின் நான்காம் அதிகாரத்தில் வெட்டுத்தூரம் 12 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதியிருந்தது. கோப்பிலும் 12 என்று திருத்தித்தான் வைத்திருந்தார். 10-ஐ வைத்து அவர் என்றும் ஓட்டியதே இல்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்த்து ஐயுற அவருக்கு வழியே இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சில வாரங்களே இருந்தன. உதவித்தொகையும் முடியும் தறுவாயில் இருந்தது.

நான் அந்த ஒரு வரியைக் காட்டினேன். தீதி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதனால் முடிவு மாறுமா?" என்று கேட்டார். மூலக்கூறுகளின் அமைப்பு அவ்வளவாக மாறாது, அழுத்தம் மாறக்கூடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பக்கத்திலிருந்த ஒருவர் எளிய வழி ஒன்றைக் காட்டினார்: "ஆய்வேட்டில் 12 என்பதை 10 என்று திருத்திவிடுங்கள், தீதி. கணக்கும் எழுத்தும் ஒத்துப்போகும்." அதுவும் பொய்யான வழி அன்று, கணக்கு உண்மையில் 10-இல்தான் நடந்தது. ஆனால், ஏன் 12 வேண்டும் என்பதற்கு அவ்வதிகாரத்தில் மூன்று பக்கம் வாதித்திருந்தார் தீதி. "வாதத்தை நான் எழுதினேன், கணக்கை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள்" என்றார். மறுநாள் எல்லாவற்றையும் வரிசையில் மீண்டும் ஏற்றினார். ஓடி முடிய ஐந்து வாரம் ஆயிற்று. சமர்ப்பிக்கும் நாள் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போயிற்று. உதவித்தொகை இல்லாத அந்த மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தார். புதிய எண்களில், அமைப்பைக் காட்டும் வரைபடங்கள் பழையவற்றின் மேலேயே படிந்தன. அழுத்தத்தின் வரைபடம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி விலகியது. அதை ஒட்டிய ஒரு பத்தியை அவர் அடித்து எழுத வேண்டியதாயிற்று. ஒரு பத்திக்காகவா ஐந்து வாரம் என்று குழுவில் சிலர் கேட்டார்கள். ஓட்டிப் பார்க்காமல் அது ஒரு பத்தி என்று எப்படித் தெரியும்?

இத்தகைய குழப்பத்துக்குப் பெரிய மென்பொருள்களும் விலக்கல்ல. கணினிகள் பலவற்றை ஒரே கணக்கில் ஈடுபடுத்த உதவும் எம்.பி.ஐ. முறைக்கு எம்பிச் என்றும் ஓப்பன் எம்.பி.ஐ. என்றும் இரண்டு பெயர் பெற்ற மென்பொருள்கள் உண்டு. இரண்டிலும் ஹெட்டரின் பெயர் ஒன்றே. ஆனால் கணினிக் குழுவைக் குறிக்கும் அடையாளம் முன்னதில் வெறும் முழு எண். பின்னதிலோ ஒரு ஸ்ட்ரக்சரின் நினைவக முகவரி. எம்பிச்சின் ஹெட்டரை ஒட்டிக்கொண்டு ஓப்பன் எம்.பி.ஐ.யின் லைப்ரரியோடு இணைத்தால், பதினாறடிமான எண்ணாகிய 44000000 என்பதை முகவரி என்று நம்பி அந்த லைப்ரரி அங்கே போய்ப் பார்க்கும். அங்கே வீடு ஏது? நிரல் உடனே விழுந்துவிடும். 44 என்று தொடங்கும் முகவரியில் நிரல் விழுந்தால் இரண்டு எம்.பி.ஐ.களும் கலந்துவிட்டன என்று அனுபவசாலிகள் பார்த்தவுடன் சொல்லுவார்கள். 2025-இல் ஏற்கப்பட்ட எம்.பி.ஐ. 5.0 தரநூல் இத்தகைய அடையாளங்களுக்கெல்லாம் பொதுவான வடிவம் ஒன்றை வகுத்திருக்கிறது. எல்லாரும் அதற்கு மாறினால் இந்தத் தொல்லை நீங்கும்.

லைப்ரரிகளை எழுதுவோருள் முன்யோசனை உள்ளவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர்கள் 'இசட்லிப்' என்னும் சுருக்கும் லைப்ரரியை எழுதிய ழான்-லூ கையி, மார்க் ஆட்லர் ஆகிய இருவரும். அதில் வேலையைத் தொடங்க நாம் அழைப்பது உண்மையில் ஒரு ஃபங்ஷன் அன்று. ஹெட்டரில் எழுதிய ஒரு மேக்ரோ. அது நமக்குத் தெரியாமலேயே ஹெட்டரின் பதிப்பு எண்ணையும், ஹெட்டரின்படி ஸ்ட்ரக்சரின் அளவு எத்தனை பைட்டு என்பதையும் லைப்ரரிக்குச் சேர்த்து அனுப்புகிறது. லைப்ரரி தன்னுடைய கணக்கோடு அவற்றை ஒப்பிடும். பதிப்பின் முதல் எண்ணோ அளவோ மாறுபட்டால் வேலை செய்ய மறுத்துவிடும். வேறு குமாரின் அடையாளச் சீட்டைக் காட்டினால் பார்சல் கிடையாது! இரண்டு வரிச் சோதனைதான். எத்தனை இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கும்!

எச்.டி.எஃப்.5 லைப்ரரியும் இவ்வாறே செய்கிறது. ஹெட்டரும் லைப்ரரியும் பதிப்பில் பொருந்தாவிட்டால் பெரிய எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டு நிரலை நிறுத்திவிடும். அந்தச் சோதனையை அடக்கிவைக்க ஒரு சூழல் மாறியும் தந்திருக்கிறார்கள். அந்த மாறியின் பெயர் கிளஸ்டரில் வாய்வழியாகப் பரவியிருக்கும் வேகத்தைப் பார்த்தால், சோதனை எதற்காக ஏற்பட்டது என்பது அதில் பாதி வேகத்திலாவது பரவக்கூடாதா என்று தோன்றுகிறது. எஃப்.எஃப்.டி.டபிள்யூ. என்னும் லைப்ரரியின் ஆசிரியர்கள் வேறு வழி கண்டார்கள். மூன்றாம் பதிப்பு இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போகாது என்று தெரிந்ததும், ஹெட்டரின் பெயரிலேயே 3 என்ற எண்ணைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டும் ஒரே டைரக்டரியில் அருகருகே இருந்தாலும் குழப்பமில்லை. இந்தக் குமாருக்குத் தலைப்பெழுத்து கிடைத்துவிட்டது.

பெயர் வைப்பதில் கவனமில்லாவிட்டால் நேரும் விபரீதத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். இதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். சி++ மொழியின் 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் 'வெர்ஷன்' என்ற பெயரில் ஒரு ஹெட்டர் புதிதாகச் சேர்ந்தது. புள்ளியும் பின்னொட்டும் இல்லாத வெறும் பெயர். பல மென்பொருள்களில், பதிப்பு எண்ணை மட்டும் எழுதிய கோப்பு ஒன்றுக்குப் பெரிய எழுத்துகளில் அதே பெயரிட்டு, மூல நிரலின் தலைவாசலில் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். மேக் கணினியிலோ, பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற வேறுபாட்டைக் கோப்புகளின் பெயரில் பொதுவாகப் பார்ப்பதில்லை. தலைவாசல் டைரக்டரியை '-ஐ'யில் எழுதியிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? கம்பைலர் தன் ஹெட்டரைத் தேடிப் புறப்பட்டு, வழியில் இருந்த பதிப்பு எண்ணை எடுத்து ஒட்டிக்கொண்டு, 'இது என்ன மொழி?' என்று திகைத்து நின்றது. பலர் தங்கள் கோப்பின் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

இனி, மென்பொருள் கட்டும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பைலரின் பட்டியலைப் பார்க்க வேண்டுமானால், வெறுங்கோப்பு ஒன்றைக் கொடுத்து, பெரிய 'ஈ', சிறிய 'வி' ஆகிய ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். மேற்கோளுக்கு எங்கிருந்து தேடல், கோண அடைப்புக்கு எங்கிருந்து தேடல், எந்த டைரக்டரி இல்லாததனால் ஒதுக்கப்பட்டது, எது இருமுறை வந்தமையால் ஒதுக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் எழுதிக்காட்டும். சூழல் மாறியில் ஒளிந்திருப்பவையும் அங்கே வெளிப்பட்டுவிடும். மேக்ஃபைலை நீங்களே எழுதுவதானால், நிரலின் சொந்த டைரக்டரியை முதலில் எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு லைப்ரரிக்கு உரியதை அடுத்து எழுதுங்கள். பலரும் பலவற்றைப் போட்டுவைக்கும் பொது இடத்தைக் கடைசியில் எழுதுங்கள். ஆட்டோமேக் என்னும் கருவி இம்முறையைத்தான் கையாளுகிறது; நிரலாசிரியர் குறித்த டைரக்டரிகளை முன்னும், கட்டுபவர் தருபவற்றைப் பின்னும் வைக்கிறது.

சீமேக் பயன்படுத்துவோர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரும் லைப்ரரிகளின் ஹெட்டர்களை அது வழக்கமாக '-ஐசிஸ்டம்' கொண்டு சேர்க்கிறது. அவற்றிலிருந்து எழும் எச்சரிக்கைகள் நம் கண்ணில் படாதிருப்பதே நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆயினும், எச்சரிக்கையை அடக்குவதும் தேடும் வரிசையில் பின்னுக்குத் தள்ளுவதும் ஒரே ஆப்ஷனின் வேலையாக அமைந்துவிட்டன. ஆகவே நாம் கவனமாகத் தேர்ந்தெடுத்த புதிய பதிப்பு '-ஐசிஸ்டம்' வரிசையில் காத்திருக்க, வேறு எதற்காகவோ சேர்த்த ஒரு '-ஐ' டைரக்டரியில் கிடக்கும் பழைய பதிப்பு முந்திக்கொள்ளும். ஒரே ஆப்ஷனுக்கு இரண்டு வேலை கொடுத்தது தவறு என்பது என் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

மேற்கோளுக்குள் எழுதிய ஹெட்டரை வெளியிலிருந்து மாற்ற முயல்வதும் வீண் வேலை. அழைக்கும் கோப்பின் பக்கத்திலேயே அப்பெயருடைய கோப்பு ஒன்று இருந்தால், நாம் எத்தனை '-ஐ' கொடுத்தாலும் அதுதான் வரும். பக்கத்து அறையில் ஒரு குமார் இருக்கும்போது வாயிற்காவலர் மாடி ஏறவே மாட்டார்.

எங்கள் குழுவின் மேக்ஃபைலில் இப்போது வரிசையை மாற்றியிருக்கிறோம். பொது டைரக்டரியிலுள்ள பழைய ஹெட்டரை அழிக்கவில்லை. வேறு எந்த நிரல் அதை நம்பி இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கணக்கின் முடிவுகளோடும், கம்பைலர் உள்ளே எடுத்துக்கொண்ட ஹெட்டர்களின் பட்டியலையும் ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது வழக்கமாகிவிட்டது. தீதி தம் ஆய்வேட்டின் பிற்சேர்க்கையில் அப்பட்டியலை அச்சிட்டிருந்தார். இரண்டு பக்கம் வந்தது. வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.